அப்புவும் கடையும்

யாழ்ப்பாணத்தில் அப்பு என்றால் தாத்தா. சில வீடுகளில் தகப்பனையும் அப்பு என்றுதான் கூப்பிடுவினம். றோட்டால் போகும் வயசான மனிசனைப் பார்த்து "என்னப்பு, எங்க போறியள்?" என்று கேட்டால் அது மரியாதை. சின்னப் பெடியனைத் தூக்கிக் கொஞ்சும்போதும் "என்ர அப்பு" என்போம். இதே சொல்லை ரொறன்ரோவில் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் மண்ணிறத் தோல்காரரைப் பார்த்துச் சொன்னால் அதற்கு வேறு அர்த்தம்.

இது எங்களுக்கு மாமா சொல்லித்தான் தெரியும். அம்மாவின் தம்பி. போன மார்கழி வேலணைக்கு வந்தவர், கனகாலத்துக்குப் பிறகு. இரவு கரண்ட் போன நேரம் விறாந்தையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தோம். தொண்ணூறுகளில் கனடாவுக்குப் போன புதிதில் இரவிரவாகத் திறந்திருக்கும் ஒரு கடையில் வேலை செய்தாராம். பெடியள் கூட்டமாக வருவாங்களாம். ஏதாவது வாங்கிவிட்டு, போகும்போது கதவடியில் நின்று மூக்கால் இழுத்து ஒரு குரலில் "நன்றி, திரும்பவும் வாங்கோ" என்று இங்கிலிசில் சொல்லிவிட்டுச் சிரிப்பாங்களாம். ஒருநாள் ஒருவன் "ஹேய் அப்பு" என்றானாம்.

"நான் முதல்ல எங்கட ஊர்ப் பெடியன் ஆரோ எண்டு நினைச்சிட்டன். அப்பு எண்டல்லோ கூப்பிட்டவன். முகத்தை எட்டிப் பாத்தால் வெள்ளை."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பெடியள் சொன்ன அப்பு, 'த சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் கடைக்காரர். கார்ட்டூன் என்றவுடன் ரொம் அண்ட் ஜெரியை நினைக்க வேண்டாம், இது பெரிய ஆக்களுக்கான பகிடி. 1989 டிசம்பரில் தொடங்கியது, இன்னும் ஓடுகிறது. ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற ஒரு கற்பனை ஊர். அணுமின் நிலையத்தில் வேலை செய்யும் ஹோமர் என்ற சோம்பேறித் தகப்பன், அவனுடைய குடும்பம், ஊர்ச் சனம். அந்த ஊரில் 'குவிக்-ஈ-மார்ட்' என்று ஒரு கடை. அதை நடத்துகிறவர் அப்பு நஹசபீமபெட்டிலோன். அப்பு என்ற பெயர் சத்யஜித் ராயின் படங்களில் வரும் வங்காளச் சிறுவனிடமிருந்து எடுத்தது. பின்பெயர் ஒரு மொழியிலும் சேராத மாதிரி நீளமாக, அமெரிக்கனுக்கு வாயில் நுழையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே வைத்த மாதிரி இருக்கும். ராயின் அப்புவைப் பார்த்து அழுத உலகம் அதே பெயரைக் கேட்டுச் சிரிக்கவும் பழகியது.

அவர் முதலில் திரையில் வந்தது 1990 பெப்ரவரி 25. குரல் கொடுத்தவர் ஹாங்க் அஸாரியா. நியூயோர்க்கின் குயின்ஸ் பகுதியில் வளர்ந்த யூதர். பாட்டன் பாட்டி கிரேக்கத்தின் தெசலோனிக்கியிலிருந்து வந்தவர்கள். அகதிச் சனத்தின் பேரப்பிள்ளை என்றே சொல்லலாம். அதே குரலுக்காக 1998இல் அவருக்கு எம்மி விருதும் கிடைத்தது.

அப்பு எப்படி இந்தியர் ஆனார் என்பதற்கு இரண்டு கதை உண்டு. வரலாறு படிக்கிறவர்களுக்கு இது நல்ல பயிற்சி. தொடரின் ஆரம்ப எழுத்தாளர்களில் ஒருவரான மைக் றைஸ் சொல்வது: கடைக்காரனை இந்தியனாகக் காட்டுவது பழைய பகிடி, அதனால் வேண்டாம் என்றுதான் நாங்கள் எழுதினோம், வாசிப்பு ஒத்திகையில் அஸாரியா அந்த உச்சரிப்பில் வாசித்தார், எல்லோரும் சிரித்தார்கள், அப்படியே நின்றுவிட்டது. அஸாரியா 2007இல் சொன்னது வேறு: இந்திய உச்சரிப்பில் பேச முடியுமா, எவ்வளவுக்கு மோசமாகச் செய்ய முடியும் என்று அவர்கள்தான் தன்னைக் கேட்டார்கள் என்று. இரண்டு சாட்சியும் சம்பவ இடத்தில் இருந்தவர்கள். இரண்டும் மற்றவரின் தலையில் போடுகிறது. எந்தக் கதையை எடுத்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. அந்த அறையில் இந்தியர் யாரும் இருந்ததாக இரண்டு கதையிலும் இல்லை. அஸாரியா அந்தக் குரலை எங்கிருந்து எடுத்தார் என்றால், லொஸ் ஏஞ்சல்ஸில் கடைகளில் கேட்ட குரல்கள், கூடவே 1968இல் வந்த 'த பார்ட்டி' படத்தில் பீற்றர் செல்லர்ஸ் முகத்தில் மண்ணிறம் பூசிக்கொண்டு நடித்த இந்தியர். அதாவது போலியின் போலி.

இதோடு நிறுத்தினால் கட்டுரை லேசாக முடிந்துவிடும். ஆனால் தேடித் தேடிப் பழைய அத்தியாயங்களைப் பார்த்தபோது எங்களுக்கே குழப்பமாகிவிட்டது. ஏனென்றால் சில அத்தியாயங்கள் உண்மையிலேயே நல்லவை.

1996 மே மாதம் வந்த ஒன்று. அதற்கு இரண்டு வருடம் முந்தி, 1994இல், கலிபோர்னியாவில் 187ஆம் பிரேரணை என்று ஒன்றை மக்கள் வாக்களித்து நிறைவேற்றினார்கள். பத்திரம் இல்லாத குடியேறிகளுக்குப் பள்ளிக்கூடம், வைத்தியம் எல்லாவற்றையும் மறுக்கும் சட்டம். அந்த அத்தியாயம் அதைத்தான் பகிடி பண்ணுகிறது. ஊருக்குள் ஒரு கரடி வருகிறது. கரடியை விரட்டச் செலவு, செலவுக்கு வரி. வரி ஏன் கூடியது என்று சனம் மேயரிடம் போய்ச் சத்தம் போட, அவர் வெளிநாட்டுக்காரர்களைக் கைகாட்டுகிறார். அவர்களைத் திருப்பி அனுப்ப 24ஆம் பிரேரணை வருகிறது. அப்புவின் விசா எப்பவோ முடிந்துவிட்டது. அப்போதுதான் தெரிகிறது, அவர் கல்கத்தாவில் படித்து முடித்து கணினித் துறையில் கலாநிதிப் பட்டம் செய்ய வந்தவர், படிப்புக் கடனை அடைக்கத்தான் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர், ஊரும் சனமும் பிடித்துப்போய் நின்றுவிட்டவர். பயத்தில் கள்ளப் பத்திரம் வாங்கி, கவ்போய் தொப்பி போட்டு, அமெரிக்கன் மாதிரிப் பேசிப் பார்க்கிறார். பிறகு தாய் தகப்பனை நினைத்து வெட்கப்பட்டு, எல்லாவற்றையும் கிழித்தெறிந்துவிட்டுக் குடியுரிமைப் பரீட்சைக்குப் போகிறார். உள்நாட்டுப் போருக்கு என்ன காரணம் என்று கேட்கிறார்கள். அவர் பொருளாதாரம், அரசியல் என்று விரிவாகச் சொல்லத் தொடங்க, அதிகாரி இடைமறித்து, அடிமைமுறை என்று மட்டும் சொன்னால் போதும் என்கிறார். (எங்கட பரீட்சைத் தாள் திருத்துகிறவர்களும் இப்படித்தான் என்று ஹொஸ்டலில் ஒருவன் சொன்னான்.)

இந்த அத்தியாயத்தை மாமாவுக்குக் காட்டினோம். பத்திரம் கிழிக்கும் இடத்தில் போனை வாங்கி நிப்பாட்டி, பின்னுக்கு இழுத்துத் திரும்பப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய பத்திரக் கதை எங்களுக்குக் கொஞ்சம் தெரியும், முழுக்கத் தெரியாது. கேட்கவும் இல்லை. 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்பு வள்ளங்களில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள், 2010இல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் போனார்கள். இரண்டு தரமும் கனடாவில் நல்ல மனிசரும் இருந்தார்கள், கரடி வரி மாதிரிக் கதைத்தவர்களும் இருந்தார்கள்.

ஏன் கடைக்காரன்? இதுதான் எங்களைத் தீவுப்பகுதிக்குத் திருப்பிக் கொண்டுவந்த கேள்வி.

அமெரிக்காவில் 1965க்குப் பிறகு குடிவரவுச் சட்டம் மாறி, தெற்காசியாவிலிருந்து முதலில் போனவர்களில் கனபேர் டொக்டர்கள், இஞ்சினியர்கள். அடுத்தடுத்து அவர்களின் சொந்தக்காரர் போனார்கள். வேலை கிடைக்காத இடத்தில், மொழி முழுக்க வராத இடத்தில், குடும்பமே சேர்ந்து உழைக்கக்கூடிய தொழில் எது? மோட்டல், பெற்றோல் செற், சில்லறைக் கடை. அதிக நேரம், குறைந்த லாபம், ஆபத்து. அப்புவுக்குச் சூடு விழுவதே அந்தத் தொடரில் ஒரு வாடிக்கைப் பகிடி.

எங்கட தீவுகளிலும் கதை அதேதான், நூறு வருடம் முந்தியது என்பதைத் தவிர. ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு. ஆறு இல்லை, குளம் கோடையில் வற்றிவிடும், கிணற்றைத் தோண்டினால் பாதி உவர். பனை இருக்கு, கடல் இருக்கு, அவ்வளவுதான். நெடுந்தீவில் வேலி கூடக் கல்லைக் கல்லில் அடுக்கித்தான் கட்டவேண்டியிருக்கு. பிள்ளைகள் கூடின வீட்டில் ஒரு பெடியனுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதானால், தெற்கே கடை வைத்திருக்கும் உறவுக்காரரோடு அனுப்பிவிடுவினம். கடைப் பெடியன். கடையிலேயே படுத்து, கடையிலேயே சாப்பிட்டு, பாக்கு வெட்டி, சாக்குத் தூக்கி, சிங்களம் பழகி, பிறகு கணக்கப்பிள்ளை, பிறகு பங்குக்காரர், அதிர்ஷ்டம் இருந்தால் சொந்தக் கடை. யாழ்ப்பாணத்துப் புகையிலைச் சுருட்டு முதலில் தெற்குக்குப் போனது. சுருட்டோடு ஆள் போனது. ஆளோடு சைவச் சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை எல்லாம் போனது. கொழும்பில் மட்டுமில்லை, சிங்களக் கிராமத்துச் சந்திகளிலும் எங்கட ஆக்களின் கடைகள் இருந்தன. சிங்களத்தில் கடைக்காரருக்குச் சொல்லும் 'முதலாளி', கடைக்குச் சொல்லும் 'கடே', இரண்டும் தமிழில் இருந்து போன சொற்கள். தொழிலோடு சேர்ந்து சொல்லும் போயிருக்கு.

எங்கட சொந்த அப்பு, அம்மாவின் தகப்பன், அப்படிப் போனவர்களில் ஒருவர். பன்னிரண்டு வயதில் போனவர். முப்பது கடந்துதான் தெற்கே ஒரு சின்ன ஊரில் சொந்தமாகக் கடை போட்டார். அரிசி, சீனி, கருவாடு, மண்ணெண்ணெய், சுருட்டு. கடன் கொப்பி ஒன்று வைத்திருந்தாராம். சிங்களப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதிய கொப்பி. வருடத்தில் இரண்டு தரம் வேலணைக்கு வருவார், அம்மன் கோவில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும். 1958இல் ஒருதரம் பூட்டிவிட்டு ஓடி வந்தார், திரும்பிப் போனார். 1977இல் ஓடி வந்தார், திரும்பிப் போனார். 1983 ஜூலைக்குப் பிறகு போகவில்லை. கடை எரிந்துவிட்டது. கொழும்பில் அகதி முகாமில் இருந்து, காங்கேசன்துறைக்குக் கப்பலில் வந்து இறங்கியபோது கையில் ஒரு சாரமும் கடைத் திறப்பும் இருந்ததாக அம்மம்மா சொல்லுவா.

சிங்கள நாடகங்களிலும் தமிழ்க் கடைக்காரர் என்று ஒரு பாத்திரம் அடிக்கடி வரும். நெற்றியில் திருநீறு, பெரிய தொந்தி, உடைந்த சிங்களம், காசில் கண். நடிக்கிறவர் சிங்களவர். எங்களுக்குத் தெரிந்த ஒரு நண்பர், காலிப் பக்கத்தவர், எங்களோடு படிக்கிறவர், சின்ன வயதில் தான் கண்ட ஒரே தமிழர் ரி.வி.யில் வந்த அந்தக் கடைக்காரர்தான் என்று சொன்னார். அவருடைய ஊரில் முன்பு ஒரு தமிழ்க் கடை இருந்ததாம். அவர் பிறக்க முந்தியே அது இல்லாமல் போய்விட்டது. கடை போன பிறகும் கடைக்காரனைப் பற்றிய பகிடி மட்டும் ரி.வி.யில் தங்கிவிட்டது.

நாங்கள் இதை ஒரு கோபத்தோடுதான் எழுதத் தொடங்கினோம். இந்த இடத்தில் கோபம் கொஞ்சம் சறுக்கியது. காரணம் 'கோமாளிகள்'.

எழுபதுகளில் இலங்கை வானொலியில் ராமதாஸ் எழுதிய தொடர் நாடகம், 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவும் வந்து நன்றாக ஓடியது. எங்கட பெற்றோருக்கு அதன் வசனங்கள் இப்பவும் பாடம். முக்கியப் பாத்திரங்களில் மூன்று பேரைச் சொல்லலாம். மரைக்கார், முஸ்லிம் தமிழ் பேசுவார். உபாலி, சிங்களவர் தமிழ் பேசுவது மாதிரிப் பேசுவார். அப்புக்குட்டி, யாழ்ப்பாணத் தமிழ். நடித்தவர்கள் ராமதாஸ், செல்வசேகரன், ராஜகோபால். கடைசிவரைக்கும் அவர்களின் பெயருக்கு முன்னால் அந்தப் பாத்திரப் பெயர் ஒட்டியே இருந்தது: மரைக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால். மரைக்காராக நடித்தவர் முஸ்லிம் இல்லை. உபாலியாக நடித்தவர் சிங்களவர் இல்லை.

அப்போ அஸாரியாவுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்?

எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. ஒரு பக்கம், அது வேறு, எல்லோரையும் எல்லோரும் பகிடி பண்ணினார்கள், மூன்று பேரும் சமமாக முட்டாள்கள், கடைசியில் சிநேகிதர்கள், அதில் அன்பு இருந்தது என்றது. இது உண்மை. அந்த நாடகத்தில் யாழ்ப்பாணத்தானும் தப்பவில்லை. மற்றப் பக்கம் கேட்டது: 1990க்குப் பிறகு அதை யாழ்ப்பாணத்தில் கேட்ட பிள்ளை என்ன விளங்கியிருக்கும்?

1990 எங்களுக்கு எப்படிப்பட்ட வருடம் என்று யோசியுங்கோ. பெப்ரவரியில் அப்பு அமெரிக்கத் திரையில் தோன்றியபோது இந்திய இராணுவம் இங்கிருந்து கப்பலேறிக்கொண்டிருந்தது. ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியது, மின்சாரம் நின்றது. ஓகஸ்டில் இலங்கை இராணுவம் தீவுப்பகுதியைப் பிடித்தது. மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துக்கொண்டு போன ஆண்கள் பலர் திரும்பவில்லை. மற்றச் சனம் வீடுகளை விட்டு ஓடியது. வேலணையில் எங்கட வீடு இன்றைக்கும் பாதிதான் கட்டியிருக்கு. அதே வருடம் ஒக்டோபரில், புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். 70,000க்கு மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணம் சோனகதெருவில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது இரண்டு மணித்தியாலம்.

அதற்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளைக்கு முஸ்லிம் தமிழ் எங்கே கேட்டிருக்கும்? பக்கத்துக் கடையிலா, தையல்காரரிடமா? இல்லை. பற்றரியில் ஓடிய றேடியோவிலும் கசற்றிலும், முஸ்லிம் அல்லாத ஒருவரின் வாயில், பகிடியாக. காலி நண்பர் சொன்னதேதான், ஆக்கள் மட்டும் இடம் மாறியிருக்கினம். ராமதாஸை நாங்கள் குறை சொல்லவில்லை. அவர் எழுதிய நேரம் மரைக்கார்மார் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள், கேட்டுவிட்டு வந்து திட்டவும் முடியும், சிரிக்கவும் முடியும். பிறகு அந்தத் தெருவை வெறுமையாக்கினது யார் என்பதையும், அதை நாங்கள் எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பதையும்தான் யோசிக்கிறோம்.

இன்னும் கிட்டவும் வரலாம். யாழ்ப்பாண நகரத்தில் 'தீவான்' என்று ஒரு சொல் இருக்கிறது. கஞ்சன், கெட்டிக்காரக் கள்ளன், காசைத் தவிர ஒன்றும் தெரியாதவன் என்று எல்லாம் அதற்குள் வரும். அமெரிக்கன் அப்புவைப் பற்றி நினைத்ததும், சிங்கள நாடகம் தமிழ்க் கடைக்காரனைப் பற்றி நினைத்ததும், நகரத்தான் தீவானைப் பற்றி நினைத்ததும் ஏறக்குறைய ஒரே படம். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கே இது விழுந்தது. பஸ்சில் பண்ணைப் பாலம் கடந்து ரவுணுக்குப் படிக்க வந்தபோது, பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிடுவாங்கள். மலையகத்து மக்களைப் பற்றி அதே யாழ்ப்பாணம், தீவான் உட்பட, என்ன சொல் சொல்லும் என்பதும் தெரியும். அதை இங்கே எழுதவில்லை.

2000ஆம் ஆண்டு வந்த 'தெனாலி'யையும் ஒரு வரியில் சொல்லாமல் விட முடியாது. கமல்ஹாசன் ஈழத்தமிழராக நடித்த படம். எதைக் கண்டாலும் பயம். தமிழ்நாட்டில் பலருக்கு ஈழத்தமிழ் என்றால் இன்றைக்கும் அந்தக் குரல்தான். சென்னையில் படிக்கப் போன எங்கட அக்கா ஒருத்தியிடம் வகுப்புப் பெடியள் "தெனாலி மாதிரிக் கதை" என்று கேட்டிருக்கிறார்கள். அன்போடுதான் கேட்டார்களாம். மாமாவின் கடைக்கு வந்த பெடியளும் ஒருவேளை தங்களுக்குள் அன்பென்றுதான் நினைத்திருப்பாங்கள்.

இனி அப்புவுக்கு என்ன நடந்தது என்று பார்ப்போம்.

2007இல் சிம்ப்சன்ஸ் படம் வந்தபோது விளம்பரத்துக்காக 12 செவன் இலெவன் கடைகளைக் குவிக்-ஈ-மார்ட் மாதிரியே மாற்றினார்கள், 11 அமெரிக்காவில், ஒன்று கனடாவில். சனம் போய்ப் படம் எடுத்தது. கவுண்டரில் நின்ற உண்மையான தெற்காசியத் தொழிலாளி அன்று எத்தனை தரம் அந்த வசனத்தைக் கேட்டிருப்பார் என்று யோசித்தால் சிரிப்பு வரவில்லை.

ஹரி கொண்டபோலு என்ற நகைச்சுவைக் கலைஞர் 2017இல் 'த ப்ரொப்ளம் வித் அப்பு' என்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஆந்திராவிலிருந்து போன பெற்றோரின் பிள்ளை, அவரும் குயின்ஸ்காரர்தான், அஸாரியா மாதிரியே. சிம்ப்சன்ஸ் ரசிகர். படத்தில் கல் பென், ஆசிஃப் மாண்ட்வி மாதிரியான நடிகர்களோடு அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தியும் வந்து பள்ளிக்கூட அனுபவம் சொல்கிறார். நாட்டின் பெரிய டொக்டரும் ஒருகாலத்தில் அப்புதான். கொண்டபோலுவின் வாதம் எளிமையானது. அந்தக் காலத்தில் அமெரிக்கத் திரையில் எங்களுக்கு வேறு யாரும் இல்லை, இருந்த ஒரே ஆளும் எங்கட குரலில் பேசவில்லை. அப்புவை இல்லாமல் ஆக்கு என்று அவர் கேட்கவில்லை. நல்லாக எழுதுங்கோ, எழுதும் அறைக்குள் எங்கட ஆக்களையும் எடுங்கோ என்றுதான் கேட்டார்.

2018 ஏப்ரலில் தொடர் பதில் சொன்னது. லீசா என்ற கெட்டிக்காரச் சின்னப்பிள்ளைப் பாத்திரம், அந்த ஊரிலேயே மனச்சாட்சி உள்ள ஒரே ஆள், கமராவைப் பார்த்து, அந்தக் காலத்தில் எல்லோரும் கைதட்டியது இப்போ பிழையாகிவிட்டது, என்ன செய்யலாம் என்ற தோரணையில் சொல்கிறாள். பக்கத்து மேசையில் அப்புவின் படம். அந்த வரியை லீசாவின் வாயில் போட்டதுதான் எங்களுக்கு மிகவும் உறுத்தியது. ஹோமர் சொல்லியிருந்தால் பாத்திரத்துக்குப் பொருந்தியிருக்கும்.

அஸாரியா மாறினார். மகனின் பள்ளிக்கூடத்தில் ஒரு பதினேழு வயது இந்திய மாணவனோடு பேசியிருக்கிறார். அந்தப் பிள்ளை தொடரைப் பார்த்ததே இல்லை, ஆனால் அப்பு என்றால் தன்னை என்ன சொல்கிறார்கள் என்று தெரியும். 2020 ஜனவரியில் அந்தக் குரலை இனிக் கொடுப்பதில்லை என்றார். அதே வருடம் ஜூனில், வெள்ளையரல்லாத பாத்திரங்களுக்கு வெள்ளையர் குரல் கொடுக்க மாட்டார்கள் என்று தொடர் அறிவித்தது. 2021இல் அஸாரியா வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இதை நாங்கள் சும்மா நடிப்பென்று தள்ளவில்லை. முப்பது வருடம் சம்பளமும் விருதும் தந்த குரலை விடுவது லேசில்லை.

தொடரில் மற்றப் பாத்திரங்களுக்குப் புதுக் குரல்கள் வந்தன. அப்புவுக்கு வரவில்லை. 2017க்குப் பிறகு அவர் பின்னணியில் நிற்பார், கூட்டத்தில் கையசைப்பார், ஒரு சொல்லும் பேச மாட்டார். குரல் பிழை என்றோம், ஆளை ஊமையாக்கிவிட்டார்கள். மனைவி மஞ்சுளா, ஒரே பிரசவத்தில் பிறந்த எட்டுப் பிள்ளைகள், கலாநிதிப் பட்டம், விசா, கடன், எல்லாக் கதையும் வாயை மூடிக்கொண்டது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது. நாங்கள் எதிர்பார்த்த திசையில் இல்லை. "அந்தாளை ஏன் பேசாமல் விட்டவங்கள்? அவன் நல்ல மனிசன். அவனுக்கு ஒரு தமிழ்ப் பெடியனையோ வங்காளிப் பெடியனையோ பிடிச்சுக் குரல் குடுத்திருக்கலாமே. ஆரும் கிடைக்கேல்லையோ அவங்களுக்கு?" என்றார். பிறகு, "எனக்கு ஒண்டும் அந்தக் கார்ட்டூனில கோவமில்லை. அந்தப் பெடியள் என்ர பேரைக் கேக்கேல்லை எண்டதுதான். ஆறு வருசம் அந்தக் கடையில நிண்டனான்."

அம்மம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தவ. வெளியே வந்து, "உங்கட அப்புவும் லேசுப்பட்ட ஆளில்லை" என்றா. அவர் தீபாவளிக்கு வந்தால், இரவு சாப்பிட்ட பிறகு, கடைக்கு வரும் சிங்கள ஆக்கள் மாதிரி ஒவ்வொருவராகக் கதைத்துக் காட்டுவாராம். கடனுக்குக் கேட்கும் கிழவி, பன்சாலைப் பிக்கு, வெறியில் வரும் பொலிஸ்காரன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பினமாம். 1983க்குப் பிறகும் சில நேரம் செய்து காட்டினாராம், அந்தக் கிழவியை மட்டும். கடை எரிந்த இரவு அவரைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது அவதானாம்.

"எப்பிடி அம்மம்மா கதைப்பார்? ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

அவ வாயைத் திறந்தா. பிறகு தலையை ஆட்டினா. மாமாவைப் பார்த்தோம். அவருக்கும் வரவில்லை. அப்பு செத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. கலியாண வீட்டுப் படங்கள் இரண்டு இருக்கின்றன, அடையாள அட்டை இருக்கிறது, திறப்பும் இருக்கிறது. அவர் குரல் ஒரு கசற்றிலும் இல்லை.